அரைமண்டியில் அசையாதவர் சேணத்தில் சரிந்தது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர். நாற்பதுகளின் நடுவில் இருப்பவர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். ஒற்றைக் காலைத் தூக்கி நின்றால் ஒரு வரி பாடி முடியும்வரை அசையமாட்டார். அப்படிப்பட்டவரால் மெதுவாக நடக்கும் குதிரையின் மேல்கூட நிலையாக உட்கார முடியவில்லை. குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் வருவதற்கு முன்பே, வேறொரு பண்ணையில், ஏறும்போதே சேணத்தோடு சரிந்து விழுந்திருந்தார். உடம்பில் குறை கிடையாது, பயந்த சுபாவமும் கிடையாது. "தரையில நிக்கத் தெரிஞ்ச எனக்கு உக்காரத் தெரியலையே தம்பி" என்று முதல் நாளே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய மாதங்களின் பதிவு இது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இனி அவரை அக்கா என்றே சொல்கிறேன், அங்கேயும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நாங்கள் பயிற்சி செய்யும் இடம் ஷாங்வேனி மேட்டுப்பகுதி. டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் உள்நாட்டுப் பக்கம் ஏறினால் வரும். பந்தயக் குதிரைகளுக்கான சம்மர்வெல்ட் பயிற்சி நிலையமும், தென்னாப்பிரிக்க ஜாக்கி அகாடமியும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அதனால் இங்கே குதிரை என்றாலே எல்லோருக்கும் பந்தயம்தான் நினைவுக்கு வரும். அது ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது, பிறகு சொல்கிறேன்.

அக்காவின் ஆசை பெரியதல்ல. ட்ராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் ஒரு நாள் முழுக்கக் குதிரையில் போய்வர வேண்டும், யாரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது. அவ்வளவுதான்.

விழுந்தது எப்படி

முதலில் அந்தப் பழைய விழுகையை முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விழுந்தவர்களில் பலர் "குதிரை நகர்ந்துடுச்சு, விழுந்துட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அக்கா அப்படியில்லை. எந்தக் கை எங்கே இருந்தது, எந்தக் கால் எங்கே இருந்தது என்று ஆட்டக்காரர்களுக்கே உரிய ஞாபகத்தோடு செய்தே காட்டினார். அதை வைத்துத்தான் காரணங்களைப் பிரிக்க முடிந்தது.

கொட்டிலுக்குள் சேணம் கட்டி, வயிற்றுவாரை இறுக்கி, குதிரையை வெளியே கொண்டுவந்து உடனே ஏறச் சொல்லியிருக்கிறார்கள். வாரை இறுக்கும்போது குதிரை நெஞ்சுத் தசைகளை விறைத்துக்கொள்ளும். நாலு அடி நடந்ததும் தசை தளரும், அப்போது வாரும் தளரும். அதனால்தான் கொஞ்சம் நடத்திவிட்டு, ஏறுவதற்கு முன் மறுபடி பார்க்க வேண்டும் என்பது. வாருக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. அங்கே யாரும் மறுபடி பார்க்கவில்லை.

இரண்டாவது, தரையிலிருந்து ஏறியது. அக்காவின் உயரம் 155 சென்டிமீட்டர். குதிரையின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான், அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேடுவரை 15 கை. ஒரு கை என்பது 4 அங்குலம், ஆகவே சுமார் 152 சென்டிமீட்டர். இடது அங்கவடியில் (ஏறுவதற்குக் கால் வைக்கும் வளையத்தில்) காலை வைக்கவே முழங்கால் நெஞ்சுவரை வந்திருக்கும். அக்காவின் இடுப்பு மூட்டுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் அங்கிருந்து உடம்பைத் தூக்க அவர் வலது கையால் சேணத்தின் பின்விளிம்பைப் பிடித்து இழுத்திருக்கிறார். முழு எடையும் சேணத்தின் இடப்பக்கத்தில் தொங்கியிருக்கிறது. அந்தக் குதிரைக்கு முதுகுமேடு தட்டை என்றும் சொன்னார். அப்படிப்பட்ட முதுகில் சேணம் சுலபமாக உருளும்.

மூன்றாவது, அங்கவடியில் இருந்த காலின் விரல்நுனி குதிரையின் விலாவில் குத்தியிருக்கிறது. விலாவில் குத்தினால் குதிரைக்கு என்ன அர்த்தம்? போ என்று அர்த்தம். அது போனது. கடிவாள வார் இடக்கையில் தளர்வாகக் கிடந்ததால் நிறுத்தவும் வழியில்லை.

தளர்ந்த வயிற்றுவார், தொங்கிய எடை, விலாவில் குத்திய கால். மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்ததால் சேணம் உருண்டது, அக்கா வேலியோரம் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, தலைக்கவசத்தில் ஒரு அடி. அந்தத் தலைக்கவசத்தை இன்னும் வைத்திருந்தார். அதை முதலில் ஒதுக்கச் சொன்னேன். கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பகுதி ஒரு அடியை வாங்கி நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், அடிபட்ட கவசம் அடுத்த அடியைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

குதிரையில் ஏறுவதைப் பலர் சவாரிக்கு முந்தைய ஒரு சடங்குபோல நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சமநிலை தேவைப்படும் முதல் இடமே அதுதான். குதிரை நம்மைப் பற்றி முடிவு செய்வதும் அங்கேதான்.

முதல் பார்வை

எங்கள் லாயத்தில் அக்காவுக்குக் கொடுத்தது 14.2 கை உயரமுள்ள, போர்பெர்ட் கலப்பில் பிறந்த ஒரு பழுப்புக் குதிரை. போர்பெர்ட் இந்த மண்ணிலேயே உருவான இனம். 1653-ல் ஜாவாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் கப்பலில் வந்த குதிரைகளில் தொடங்கி, பல இனங்கள் கலந்து வந்த வரிசை அது. அடக்கமான, திடமான குதிரை. எடை 430 கிலோவுக்குக் குறையாது. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறோம். அக்கா அதற்குள் தாராளமாக இருந்தார்.

மரப்படியிலிருந்து ஏற்றிவிட்டு, நீளக் கயிற்றில் கட்டி, என்னைச் சுற்றி வட்டமாக நடக்கவிட்டேன். தலைப்பக்கத்தில் லாயத்தின் மூத்தவர் நடந்து வந்தார். ஜூலு இனத்துப் பெரியவர், நாங்கள் எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். குதிரைகளின் காதசைவை அவரைப்போல வாசிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும். குதிரை சட்டென்று மறைந்துபோனால் ஆள் தரையில் காலூன்றி நிற்பார், உட்கார்ந்தபடி விழமாட்டார் என்பது இந்தக் கோட்டின் பொருள். அக்காவிடம் மேல்பாதி அழகாக இருந்தது. தோள் விரிந்து, கழுத்து நீண்டு, மேடையில் நிற்பதுபோலவே இருந்தார். இடுப்புக்குக் கீழேதான் எல்லாம் மாறியிருந்தது. தொடை வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. முழங்கால் சேணத்தைவிட்டு விலகியிருந்தது. இரண்டு பாதமும் வெளியே பார்த்தன. கெண்டைக்காலின் பின்சதை குதிரையின் விலாவை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. இடுப்பின் பின்பக்கம் குழிந்து, நெஞ்சு முன்னே தள்ளியிருந்தது.

அது அரைமண்டி. முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து மடக்கி நிற்கும் அதே நிலையைச் சேணத்தின் மேல் உட்கார வைத்திருந்தார்! இருபது வருடத்துக்கு மேலாக உடம்பு பழகிய நிலை. பயம் வந்தவுடன் உடம்பு தனக்குத் தெரிந்த பத்திரமான இடத்துக்குப் போய்விட்டது. தரையில் அது உண்மையிலேயே பத்திரமான நிலைதான். அங்கே ஆதாரம் இரண்டு உள்ளங்கால்கள், தரையும் அசையாது. குதிரையில் ஆதாரம் வேறு. பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு உட்காரும் எலும்புகள், தொடையின் உட்பக்கம், இவைதான் ஆதாரம். அந்த ஆதாரத்துக்கு அடியில் இருப்பதோ மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருக்கும் ஒரு முதுகு.

தொடை வெளியே திரும்பினால் சேணத்தைத் தொடுவது தொடையின் பின்சதை. அந்த உருண்டையான சதை உட்காரும் எலும்புகளை மேலே தள்ளிவிடும், உட்பக்கம்போல ஒட்டி நிற்காது. அப்புறம் பிடிமானத்துக்குக் கெண்டைக்கால் இறுக்கும். இறுக்கினால் குதிரை வேகம் கூட்டும். வேகம் கூடினால் கை கடிவாளத்தை இழுக்கும். காலால் போ, கையால் நில். பழுப்புக் குதிரை தலையைத் தூக்கி, முதுகைக் குழித்து, குறுகிய அடிகளாக எடுத்து வைத்தது. பாபா என்னைப் பார்த்து, குதிரையின் காதைக் காட்டினார். இரண்டும் பின்னே மடங்கியிருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாட்டியம் கற்றதால் சவாரி வராது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்மணம் போட்டே வளர்ந்த நம்மவர்கள் பலரிடம் இந்த வெளித்திருப்பத்தைக் கொஞ்சமாவது பார்க்கிறேன். அக்காவிடம் அது முழுமையாக இருந்தது, அவ்வளவே. மேல்பாதியின் நிமிர்வு, தாளம், உடம்பில் எது எங்கே இருக்கிறது என்ற உணர்வு எல்லாம் அவருக்கு ஏற்கெனவே கிடைத்த வரம். மற்றவர்களுக்கு அதைக் கொண்டுவரவே பாதிப் பயிற்சி போய்விடும்.

ஏறுதல்

சேணத்தில் உட்காருவதைச் சரிசெய்வதற்கு முன்னால் ஏறுவதைச் சரிசெய்தோம். பயம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

மரப்படியையே வழக்கமாக்கினேன். தரையிலிருந்து ஏறுவது ஆபத்து நேரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய கலை, தினமும் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. இடப்பக்கம் தரையிலிருந்து ஏறும்போது குதிரையின் முதுகுமேட்டில், அதுவும் வலப்பக்கத்தில், அழுத்தம் மிக அதிகமாக விழுகிறது என்று சேணத்துக்கு அடியில் அழுத்தமானி விரித்து அளந்து பார்த்திருக்கிறார்கள். படியிலிருந்து ஏறினால் அது குறைகிறது. குதிரையின் முதுகுக்கு நல்லது, சேணத்தின் சட்டகத்துக்கும் நல்லது.

அக்காவுக்குச் சொன்ன வரிசை இது. வயிற்றுவாரை மறுபடி பார். அங்கவடியின் நீளத்தை இப்போதே அளந்துகொள்: கைவிரல்நுனியை அங்கவடியின் வார் தொங்கும் இடத்தில் வைத்து, அங்கவடி அக்குளைத் தொட்டால் ஏறக்குறையச் சரி. படியில் நின்று, கடிவாள வாரை இடக்கையில் குதிரை நகராத அளவுக்குச் சுருக்கிப் பிடித்து, அதே கையில் பிடரிமயிரையும் சேர்த்துப் பிடி. பிடரியைப் பிடித்தால் குதிரைக்கு வலிக்குமோ என்று தயங்கினார். கடிவாளத்தில் தொங்கினால் வாய் வலிக்கும், பிடரியில் அந்தக் கவலை இல்லை. இடது பாதத்தை அங்கவடியில் வை, கால்விரல்நுனி வயிற்றுவாரின் பக்கம் இருக்கட்டும், விலாவில் படக் கூடாது. வலக்கை சேணத்தின் முன்பக்கத்தில் எதிர்ப்புற ஓரத்தைப் பிடிக்கட்டும். பின்விளிம்பைத் தொடவே கூடாது. பின்விளிம்பைப் பிடித்தால் சேணம் முறுக்கும், தவிர காலை வீசும்போது அந்தக் கையை எடுத்தாக வேண்டும், அந்த நொடியில் சமநிலை போய்விடும். எழுந்து நின்று, எடையைச் சேணத்தின் நடுக்கோட்டுக்கு மேலே கொண்டு வந்துவிட்டு, அப்புறம்தான் காலை வீச வேண்டும்.

இதில் அக்காவுக்குக் காலை வீசுவது மிகச் சுலபம். குதிரையின் பின்பக்கத்தை உரசாமல் உயரமாக வீசினார். ஆனால் உட்காரும்போது தொப்பென்று விழுந்தார். ஒவ்வொரு தடவையும் குதிரை முதுகைக் குழித்தது. வலது தொடை சேணத்தைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று உடம்பை விட்டுவிடுகிறார் என்று புரிந்தது. "முழுமண்டிக்கு எப்படி இறங்குவீங்க அக்கா?" என்று கேட்டேன். உடனே பிடித்துக்கொண்டார். முழுமண்டியில், அதாவது முழுதாகக் குந்தி இறங்கும் நிலையில், யாரும் விழுவதில்லை. தொடைத்தசை கடைசி அங்குலம்வரை எடையைத் தாங்கி இறக்கும். அடுத்த முறை அப்படியே இறங்கினார். பழுப்புக் குதிரை காதை மட்டும் திருப்பிவிட்டு அசையாமல் நின்றது. பாபா "யெபோ" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஆமாம் சும்மா வராது.

உட்கார்ந்ததும் புறப்படக் கூடாது என்பது அடுத்த விதி. வலது அங்கவடியில் கால் வைத்து, மூச்சை நிதானமாக விட்டு, குதிரை நின்றுகொண்டே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பலர் காலைப் போட்டவுடன் கிளம்பிவிடுவார்கள். அங்கவடியில் கால் பட்டாலே நடை என்று குதிரை கற்றுக்கொள்வது அப்படித்தான். ஏறும்போது நகரும் குதிரைகளில் பலவும் இப்படிப் பழக்கப்பட்டவையே. சேணம் முதுகை உறுத்தினாலும் நகரும், அதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு பக்கமிருந்தும் ஏறப் பழக்கினேன். இடப்பக்கம் என்ற மரபு, இடது இடுப்பில் வாள் தொங்கிய குதிரைவீரர்கள் காலத்தது என்பார்கள். இன்று யாரிடமும் வாள் இல்லை. ஒரே பக்கம் ஏறி ஏறிக் குதிரையின் முதுகும் நம் இடுப்பும் ஒருக்களிப்பதுதான் மிச்சம். இறங்கும்போது மட்டும் ஒரு கண்டிப்பு: இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு கால் மாட்டிய நிலையில் குதிரை நகர்ந்தால் இழுத்துக்கொண்டு போகும்.

தகதிமியும் தகவும்

அடுத்த கட்டம் நீளக் கயிற்றில், அங்கவடி இல்லாமல், கடிவாள வாரும் கையில் இல்லாமல். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் இன்றும் மாணவர்களின் தொடக்கக் காலம் இப்படித்தான் போகிறது. கையில் வார் இருந்தால் அதையே கைப்பிடியாகப் பிடித்துச் சமநிலை தேடுவோம், அந்தத் தவறைக் குதிரையின் வாய் சுமக்கும். அவசரத்துக்குச் சேணத்தின் முன்பக்கம் ஒரு தோல்பட்டை கட்டியிருந்தேன், அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

தொடையை உள்ளே திருப்பு என்று சொன்னால் அக்கா முழங்காலை இறுக்கினார், அது இன்னொரு கோளாறு. முழங்கால் இறுகினால் உடம்பு மேலே துருத்திக்கொண்டு வரும். ஆகவே வாயால் சொல்வதை விட்டுவிட்டு, கையால் தொடையின் பின்சதையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். தட்டையான உட்பக்கம் சேணத்தில் படிந்தது. கால் தன் எடையிலேயே கீழே தொங்கியது. பாதம் தானாகவே ஓரளவு முன்னே திரும்பியது. ஒவ்வொரு வகுப்பும் இதில்தான் தொடங்கியது.

இடுப்பைத் தளர்த்துவதற்குத் தாளம் உதவியது. குதிரையின் நடை நான்கு தட்டு: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். தகதிமி. ட்ராட், அதாவது மெல்லோட்டம், இரண்டு தட்டு, மூலைவிட்டமாக இருக்கும் கால்கள் ஜோடி ஜோடியாக விழும். தக, தக. கான்டர், அதாவது அதைவிட வேகமான ஓட்டம், மூன்று தட்டு, பிறகு நான்கு காலும் தரையைவிட்டு எழும் ஒரு சின்ன இடைவெளி. தகிட, அப்புறம் ஒரு மூச்சு. இதைச் சொன்னதும் அக்கா முகமே மாறிவிட்டது.

நடையில் தகதிமி சொல்லிக்கொண்டே, எந்தப் பின்கால் எழுகிறது என்று கண்ணை மூடிச் சொல்லச் சொன்னேன். இடது பின்கால் தரையைவிட்டு எழுந்து முன்னே வரும்போது குதிரையின் இடப்பக்கம் தாழும், நம் இடது இடுப்பும் கூடவே இறங்கும். இடுப்பை விறைத்து வைத்திருந்தால் இது தெரியவே தெரியாது. முதலில் அவரால் சொல்ல முடியவில்லை. நிலையைப் பிடித்து நிற்பதே சமநிலை என்று பழகிய உடம்பு, அசைவை உள்ளே விடவில்லை. வாய்விட்டு சொற்கட்டு சொன்னபோது மூச்சு வெளியே வந்தது, மூச்சோடு இடுப்பும் இளகியது. பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருப்பவரால் மூச்சைப் பிடித்து வைத்திருக்க முடியாதே. சில வகுப்புகளுக்குப் பிறகு "இடது, வலது, இடது" என்று பிசகாமல் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகக் குதிரையின் மேல் உட்கார்ந்தார் என்று சொல்வேன்.

ட்ராட்டுக்கு வந்தபோது ஒரு புதிர். ட்ராட்டில் ஒரு தட்டுக்கு எழுந்து ஒரு தட்டுக்கு உட்கார வேண்டும். அக்காவால் எழவே முடியவில்லை. ஆனால் குலுங்கவும் இல்லை. "தம்பி, இது தக இல்ல. வேகமாத்தான் போகுது, ஆனா நாலு விழுது" என்றார். குனிந்து குளம்புகளைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. குதிரை ட்ரிப்பிலுக்குப் போயிருந்தது.

ட்ரிப்பில் என்பது போர்பெர்ட் குதிரைகள் சிலவற்றுக்கு இயல்பாக வரும் நான்கு தட்டு வேகநடை. ஒரே பக்கத்துக் கால்கள் அடுத்தடுத்து விழும். பண்ணைக்காரர்கள் நாள் முழுக்கக் குதிரையில் சுற்றியதால், குலுங்காத இந்த நடையைப் போற்றி வளர்த்தார்கள். ஆனால் இந்தக் குதிரை எங்களிடம் எப்போதும் சுத்தமான ட்ராட்தான் போகும். குதிரை முதுகைக் குழித்து விறைத்தால் மூலைவிட்ட ஜோடி உடைந்து பக்கநடைக்கு நழுவக்கூடும். விறைக்க வைத்தது எது? வேகம் கூடியதும் அக்காவின் தொடை மறுபடி வெளியே திரும்பி, கெண்டைக்கால் இறுக்கியிருந்தது. பின்சதையை இழுத்துவிட்டு உட்கார்ந்து, மூச்சை விட்டு, குதிரையிடம் மறுபடி ட்ராட் கேட்டோம். குதிரை கழுத்தை நீட்டியது, முதுகு உயர்ந்தது, தக, தக என்று விழத் தொடங்கியது. அக்கா எழுந்தார், உட்கார்ந்தார். தன் தொடை என்ன செய்கிறது என்பதைக் குதிரையின் காலடி ஓசையிலேயே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வழி அதன்பின் அவருக்குக் கிடைத்துவிட்டது. என்னைவிட நல்ல ஆசான் அது.

வட்டத்தின் வெளிப்புறமுள்ள முன்கால் முன்னே போகும்போது எழு, அது தரையில் இருக்கும்போது உட்கார் என்ற விதியை அவர் ஒரே வகுப்பில் பிடித்தார். தாளம் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் நேரம் பிடிக்காது.

இடையில் வந்தவை

முன்பு சொன்ன பந்தயச் சிக்கல் இது. 1897-லிருந்து கிரேவில் மைதானத்தில் நடந்துவரும் டர்பன் ஜூலை பந்தயம் எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருவிழாபோல. அக்காவின் புகுந்த வீட்டில் எல்லோரும் ஜாக்கிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள். "முன்னாடி குனிஞ்சு உக்காரு, அப்பதான் விழமாட்டே" என்று மாமாக்கள் சொல்லி அனுப்பினார்கள். அக்காவும் குனிந்தார். ஜாக்கி உட்காருவதே இல்லை. மிகக் குட்டையான அங்கவடியில், முழங்காலையும் கணுக்காலையும் வில்லாக வைத்து, குதிரைக்கு மேலே மிதக்கிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு அது பொருந்தும். சும்மாவே குதிரை தன் எடையில் 60 சதவீதம் அளவுக்கு முன்கால்களில்தான் தாங்குகிறது. நடையில் நாமும் குனிந்தால் அந்தப் பாரம் கூடும், குதிரை ஒருமுறை தடுக்கினாலே நாம் கழுத்தின் மேல் கிடப்போம். மாமாக்களை ஒருநாள் அழைத்துவரச் சொல்லி, படியில் ஏற்றி நடையில் உட்கார வைத்தேன். அதன்பின் அறிவுரை வரவில்லை.

குளிர்காலத்தில் பழுப்புக் குதிரைக்கு ஆப்பிரிக்கக் குதிரைநோய்த் தடுப்பூசி போட வேண்டிய நேரம் வந்தது. இங்கே அது ஜூன் முதல் அக்டோபர்வரை போடப்படும். ஊசிக்குப் பின் குதிரைக்குக் கடின வேலை கூடாது. அந்த இடைவெளியில் அக்கா வீட்டில் நாற்காலியின் கைப்பிடியில் சேணத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்து தொடைத் திருப்பத்தைப் பழகினார். கோடையில் இதே நோயால் இன்னொரு கட்டுப்பாடு: நோயைப் பரப்பும் நுண்கொசுக்கள் அந்தியிலும் விடியலிலும் அலையும், ஆகவே இருட்டுவதற்கு முன் குதிரை கொட்டிலுக்குள் இருக்க வேண்டும். வேலை முடித்து மாலையில் வரும் மாணவர்களுக்கு இது எரிச்சல்தான். அக்கா ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

திரும்பி வந்தபோது வேறொரு பழக்கம் முளைத்திருந்தது. குதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தலை ஏறத்தாழ 5 கிலோ. அது முன்னே சாய்ந்தால் முதுகும் பின்தொடரும். மேடையில் பார்வை எங்கே போகிறதோ அங்கே மனம் போகும் என்பது அவருக்கே தெரிந்த பாடம், நினைவூட்டினால் போதுமாயிருந்தது.

சோதனை ஒன்று தானாகவே வந்தது. கயிறு இல்லாமல் வேலியோரம் ட்ராட் போய்க்கொண்டிருந்தபோது புதரிலிருந்து கினிக்கோழிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. பழுப்புக் குதிரை பக்கவாட்டில் துள்ளியது. பயத்தில் மனித உடம்பு என்ன செய்யும்? சுருண்டுகொள்ளும். முன்னே குனியும், குதிகால் ஏறும், கை எதையாவது இறுக்கிப் பிடிக்கும். அக்காவும் ஒரு நொடி சுருண்டார், வலப்பக்கம் சரிந்தார். பிறகு "தா" என்று சத்தமாக ஒரு சொல் வெளியே வந்தது. அதோடு மூச்சும் வந்தது, கால் நீண்டு கீழே இறங்கியது, இடுப்பு நடுவுக்குத் திரும்பியது. உள்பக்கக் கடிவாள வாரை மெல்லப் பக்கவாட்டில் விலக்கி குதிரையை வட்டத்தில் திருப்பி நடைக்குக் கொண்டுவந்தார். அது பெரிய துள்ளல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிரளும் சுபாவமுள்ள குதிரையாக இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். ஆனால் அன்று கெண்டைக்கால் இறுக்கவில்லை, அதனால்தான் குதிரை ஓடவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போதைய நிலை

படியிலிருந்து இரண்டு பக்கமும் ஏறுகிறார். குதிரை அசைவதில்லை, பாபா தலைப்பக்கம் நிற்பதும் இல்லை. நடையும் ட்ராட்டும் திடமாக இருக்கின்றன. கரும்புத் தோட்டத்து மண்பாதைகளில் மற்றவர்களோடு சேர்ந்து போய்வருகிறார். கான்டரில் முதல் சில அடிகள் நன்றாக வருகின்றன. நீண்டால் இடுப்பின் பின்பக்கம் மறுபடி குழிகிறது, தகிடவுக்குப் பிறகான அந்த மூச்சை விட மறக்கிறார். வலது பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே பார்க்கிறது. அது முழுதாகப் போகுமா என்பது சந்தேகம். வாரத்தில் பெரும்பகுதி அரைமண்டியில் நிற்பவர் அவர், அதை நிறுத்தச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

தரையிலிருந்து ஏறுவது பலவீனமாகவே இருக்கிறது. ட்ராக்கன்ஸ்பர்க் பாதைகளில் மரப்படி கிடைக்காது, நடுவழியில் இறங்கி ஏற வேண்டி வரும். அதனால் இந்த மாதம் சரிவுப் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். குதிரையைச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்தி, நாம் மேட்டுப் பக்கத்தில் நின்றால் அரை அடி, ஒரு அடி உயரம் இலவசமாகக் கிடைக்கும். மேடு வலப்பக்கமாக அமைந்தால் வலப்பக்கமிருந்தே ஏற வேண்டும். அந்தப் பக்கம் அக்கா கொஞ்சம் தயங்குகிறார், இடக்காலை வீசும்போது வேகம் குறைகிறது. லாயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் வாரம் ஒருமுறை அதை மட்டும் செய்துவருகிறோம்.